நீரின் நாட்காட்டியில் பிரேசில்

பிரேசில் பயணம் பற்றி எதை எடுத்துப் படித்தாலும் இடங்களின் பெயர்தான் வரிசையாக வருகிறது. ரியோவில் மலைமேல் கைவிரித்து நிற்கும் இயேசு சிலை, அர்ஜென்டினா எல்லையில் இகுவாசு அருவி, அமேசான் காடு, பான்டனால் சதுப்பு நிலம், வடகிழக்கின் வெண்மணல். எல்லாமே பார்க்க வேண்டியவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த நாட்டில் எங்கே போவது என்பது இரண்டாவது கேள்வி. போகும் மாதத்தில் அங்கே தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கும் என்பதே முதல் கேள்வி என்று நினைக்கிறேன். பிரேசிலின் மிகச் சிறந்த பயண அனுபவங்களாக நான் கருதுபவை ஏறக்குறைய எல்லாமே தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் நம்பி நிற்பவை. அமேசான் கரையில் ஒரே ஊருக்கு ஜூனில் போகிறவர் மரக்கிளைகளுக்கு நடுவே துடுப்பு போடுகிறார்; நவம்பரில் போகிறவர் அதே மரங்களின் அடியில் மணலில் நடக்கிறார். குற்றாலத்துக்குச் சாரல் விழுந்துவிட்டதா என்று விசாரிக்காமல் யாரும் கிளம்புவதில்லை. அந்த விசாரிப்பு ஒரு கண்டத்தின் பாதியளவுக்குத் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பாதி என்பது மிகையில்லை. பிரேசிலின் பரப்பு சுமார் 85 லட்சம் சதுர கி.மீ.; இந்தியாவைப்போல இரண்டரை மடங்கு. வடக்கே நிலநடுக்கோடு அதை வெட்டிச் செல்கிறது, தெற்கே மகர ரேகை சாவ் பாலோ அருகே கடக்கிறது. இவ்வளவு நீளமான நாட்டுக்கு ஒரே மழைக்காலம் இருக்க முடியாது. நடுப்பகுதியில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை மழை. வடகிழக்குக் கடற்கரையில் ரெசிஃபே நகரம் ஏப்ரல் முதல் ஜூலை வரை நனைகிறது. மரன்யாவ் மாநிலத்தில் ஆண்டின் முதல் பாதி மழைக்குரியது. தெற்கில் ஆண்டு முழுவதும் அவ்வப்போது பெய்கிறது. 'பிரேசிலுக்குப் போக நல்ல மாதம் எது' என்று கேட்டால் ஒற்றைப் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். எந்த நீரைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தால் மாதம் தானாக வந்துவிடும்.

இந்த வாதத்துக்கு மிக எளிய சான்று லென்சாய்ஸ் மரன்யென்சஸ். வடகிழக்கில் அட்லாண்டிக் கடலை ஒட்டிய இந்தத் தேசியப் பூங்கா 1981-இல் அறிவிக்கப்பட்டது, 2024-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சுமார் 1,550 சதுர கி.மீ. பரப்பில் பெரும்பகுதி வெண்மணல் குன்றுகள். படத்தில் பார்த்தால் பாலைவனம் என்றே தோன்றும். ஆனால் சென்னையில் ஓராண்டில் பெய்யும் மழைக்குக் குறையாத மழை இங்கே பெய்கிறது. ஆறுகள் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்த மணலைக் கடல் கரையில் ஒதுக்க, காற்று அதை உள்நிலத்துக்குள் தள்ளிக் குன்றுகளாக அடுக்கியிருக்கிறது. ஜனவரி முதல் மழை பெய்யப் பெய்ய மணலுக்கு அடியில் நிலத்தடி நீர் உயர்ந்து, குன்றுகளின் இடைவெளிகளில் மேலே வந்து ஆயிரக்கணக்கான குளங்களாக நிற்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அவை நிறைந்திருக்கும்; செப்டம்பரில் வற்றத் தொடங்கி, நவம்பருக்குள் பல குளங்கள் வெறும் மணலாகிவிடும். நாம் படங்களில் பார்க்கும் அந்த நீலப் பச்சைக் குளங்கள் ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே இருப்பவை. டிசம்பரில் போகிறவருக்கு மணலும் காற்றும் கிடைக்கும், அவ்வளவுதான்.

பரெய்ரின்யஸ் என்ற ஊரிலிருந்து ஜீப்பில் போய் ஒரு குளத்தில் குளித்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறார்கள். என் பரிந்துரை கடலோரச் சிற்றூரான அட்டின்ஸிலிருந்து சாண்டோ அமாரோ வரை பூங்காவைக் குறுக்காக நடந்து கடப்பது. மூன்று நாள் நடை. வெயிலுக்கு முன்னே போய்விட வேண்டும் என்பதால் விடியுமுன் கிளம்புவார்கள். இடையில் பைஷா கிராண்டி, கெய்மாடா டோஸ் பிரிட்டோஸ் என்ற இரண்டு பசுந்திட்டுகளில் சில குடும்பங்கள் வாழ்கின்றன. ஆடு வளர்த்து, மீன் பிடித்து, மரவள்ளி பயிரிடும் குடும்பங்கள். அவர்கள் வீட்டில் சாப்பாடு, அங்கேயே ஹம்மாக்கில் தூக்கம். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் இந்த நடையை நினைக்கவே கூடாது: குன்றுகள் நகர்பவை, குளங்கள் ஆண்டுதோறும் இடம் மாறுபவை, சென்ற ஆண்டின் பாதை இந்த ஆண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் இருக்கக்கூடும். வரைபடத்தைவிட வழிகாட்டியின் நினைவு பெரிது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

அமேசானுக்கு வந்தால் இந்தக் கணக்கு இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. மனவுஸ் நகரத்தின் துறைமுகத்தில் ரியோ நெக்ரோ ஆற்றின் நீர்மட்டத்தை 1902 முதல் அளந்து வருகிறார்கள். சாதாரண ஆண்டில் அது ஏறத்தாழ 10 மீட்டர் ஏறி இறங்குகிறது. மூன்று மாடிக் கட்டட உயரம். நவம்பரிலிருந்து மெல்ல ஏறி ஜூனில் உச்சம் தொடும், அதன்பின் வேகமாக இறங்கி அக்டோபர், நவம்பரில் அடிமட்டத்துக்கு வரும். உச்சத்தில் ஆறு கரையை மீறிக் காட்டுக்குள் நுழைந்து மாதக்கணக்கில் அங்கேயே நிற்கிறது. ரியோ நெக்ரோ போன்ற கருநீர் ஆறுகளின் ஓரத்தில் இப்படி மூழ்கும் காட்டை இகபோ என்பார்கள். மரங்கள் சாவதில்லை, அவற்றின் வாழ்க்கையே இந்த வெள்ளத்தை ஒட்டி அமைந்தது. பல மரங்கள் வெள்ள மாதங்களில் பழுக்கின்றன. தம்பாக்கி போன்ற பெரிய மீன்கள் காட்டுக்குள் நீந்திவந்து, விழும் பழத்தையும் ரப்பர் விதையையும் கடித்துத் தின்கின்றன. இளஞ்சிவப்பு ஓங்கில்கள் மரங்களுக்கிடையே வளைந்து வேட்டையாடுகின்றன. மோட்டாரை நிறுத்திவிட்டுச் சிறு தோணியில் அந்தக் காட்டுக்குள் துடுப்பு போட்டுப் போவதுதான் பிரேசிலின் சாகசங்களில் நான் முதலிடம் கொடுப்பது. தரையில் நின்று அண்ணாந்து பார்க்கவேண்டிய கிளைகளும் பறவைகளும் கண்ணுக்கு நேரே வந்துவிடுகின்றன.

மனவுஸிலிருந்து சாலைவழியாகப் போகக்கூடிய நோவோ ஐராவ் ஊரின் எதிரே அனவில்யானஸ் தீவுக்கூட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 400 தீவுகள். ஜூனில் அவற்றில் பல மரத்தலைகளாக மட்டுமே தெரியும். அக்டோபரில் அதே இடத்தில் வெண்மணல் கரைகள் வெளிப்பட்டு, நடந்து திரியலாம். எது மேல் என்று கேட்டால் நான் வெள்ளத்தின் பக்கம். ஆனால் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மணற்கரைக் காலம் எளிதாக இருக்கும். அமில நீர் என்பதால் ரியோ நெக்ரோவில் கொசு குறைவு என்பது இரு காலத்துக்கும் பொதுவான நன்மை. இன்னும் மேற்கே டெஃபே நகரத்துக்கு அருகிலுள்ள மமிராவா காப்பகம் இதைவிடத் தீவிரமானது. அங்கே உச்ச வெள்ளத்தில் தரை என்ற ஒன்றே மிஞ்சுவதில்லை. ஜாகுவார்கள் மூன்று நான்கு மாதங்கள் மரத்திலேயே வாழ்ந்து, வேட்டையாடி, குட்டிகளை வளர்க்கின்றன என்பதை ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை பொருத்திக் கண்டறிந்திருக்கிறார்கள். பயணிகள் தங்கும் விடுதியும் மரக்கட்டைகள் மேல் மிதக்கிறது. அதை நடத்துவதில் காப்பகத்துக் கிராமத்தினருக்கும் பங்கு உண்டு.

கிழக்கே டபஜோஸ் ஆற்றின் கரையில் ஆல்டர் டோ ஷாவ் என்ற ஊர் உண்டு. ஆகஸ்ட் முதல் ஆண்டு இறுதி வரை ஆற்று நடுவே நீண்ட மணல்திட்டு வெளிப்படும். தெளிந்த நன்னீரில் கடற்கரை வாழ்க்கை. ஏப்ரலில் போனால் அந்தத் திட்டிலுள்ள குடிசைக் கடைகளின் கூரை மட்டுமே நீருக்கு மேலே இருக்கும். இந்த ஆற்றுக்கும் தமிழர்களுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் டபஜோஸ் கரைக் காடுகளில் சேகரித்த சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலில் லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போயின. தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்டவர்கள் வெட்டிய மலாயாத் தோட்டங்களின் ரப்பர், 1910-களில் அமேசான் ரப்பரின் விலையைச் சரித்தது. 1896-இல் திறந்த மனவுஸ் நாடக அரங்கின் பொற்காலமும் அதோடு முடிந்தது. மலேசியத் தோட்டங்களில் மூதாதையர் உழைத்த குடும்பங்களுக்கு டபஜோஸ் கரையில் நிற்கும் காட்டு ரப்பர் மரம் வெறும் சுற்றுலாக் காட்சியாக இருக்காது.

ஆற்றில் நெடுந்தூரம் போக விரும்புவோர் பெலெம் நகரத்துக்கும் மனவுஸுக்கும் இடையே ஓடும் பயணிகள் படகில் ஏறலாம். ஏறத்தாழ 1,600 கி.மீ.; சொந்த ஹம்மாக்கைத் தளத்தில் கட்டிக்கொண்டு சில நாட்கள். இங்கேயும் நீர்தான் காட்சியைத் தீர்மானிக்கிறது. நீரோட்டத்தை எதிர்த்து மேற்கே போகும் படகு விசை குறைந்த கரையோரமாக ஊர்ந்து போகும். வீடுகளும் தோணிகளும் மரங்களும் கைக்கெட்டும் தொலைவில் நகரும். கிழக்கே இறங்கும் படகு வேகத்துக்காக நடு ஆற்றைப் பிடிக்கும். அங்கிருந்து கரை ஒரு பச்சைக் கோடு. நேரம் கூடுதலாகச் செலவானாலும் எதிர்நீரில் ஏறுவதே நல்லது.

தெற்கே பான்டனால். உலகின் மிகப் பெரிய வெப்பமண்டல ஈரநிலம். பிரேசில் எல்லைக்குள் மட்டும் சுமார் 1,50,000 சதுர கி.மீ., அதாவது தமிழ்நாட்டைவிடப் பெரியது. இதன் தரை வியக்கத்தக்க வகையில் மட்டமானது: வடக்கிலிருந்து தெற்காக ஒரு கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர்தான் இறங்குகிறது. எனவே ஜனவரி, பிப்ரவரியில் வடக்கே பெய்த மழை உடனே ஓடிவிடாது. பரகுவாய் ஆற்றின் வழியே தெற்கு நோக்கி மாதக்கணக்கில் ஊர்ந்து, மழை நின்றுபோன மே, ஜூன் வாக்கில்தான் தெற்கே கொரும்பா நகரத்தின் பக்கம் வெள்ளமாகிறது. வானில் மேகமே இல்லாத நாளில் வெள்ளம் உச்சத்தில் இருக்கும். அதே வாரத்தில் வடக்கே குளங்கள் வற்றத் தொடங்கியிருக்கும். 'பான்டனாலில் இப்போது வெள்ளமா, வறட்சியா' என்று கேட்டால், எந்தப் பக்கத்தில் என்ற கேள்விதான் பதிலாக வரும். இங்கே மாடு மேய்க்கும் பண்ணைக்காரர்கள் இரண்டு நூற்றாண்டுகளாக இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே மந்தைகளை மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஓட்டிவருகிறார்கள். பான்டனாலின் மிகப் பெரும்பகுதி தனியார் பண்ணை நிலம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே காட்டுயிரும் மாடும் ஒரே புல்வெளியில் மேய்கின்றன.

பயணிக்கு இதன் பொருள் என்ன? போகோனே என்ற ஊரிலிருந்து தெற்கே டிரான்ஸ்பான்டனேரா என்ற மண்சாலை கிளம்புகிறது. 1970-களில் கொரும்பா வரை போட நினைத்து, 140 கி.மீ. சொச்சத்தில் குயாபா ஆற்றங்கரையிலுள்ள போர்த்தோ ஜோஃப்ரியோடு நின்றுபோன சாலை. வழியில் நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் மரப்பாலங்களாகக் கட்டப்பட்டவை. மழை மாதங்களில் பல இடங்களில் சேறும் நீரும். விலங்குகள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், ஏனென்றால் தண்ணீர் எங்கும் இருக்கிறது. ஜூலைக்குப் பின் நீர் சுருங்கச் சுருங்க எல்லா உயிரும் மிஞ்சிய குளங்களையும் ஆற்றங்கரையையும் நோக்கி வருகிறது. சாலையோரக் குட்டைகளில் கைமன் முதலைகள் நெருக்கியடித்துக் கிடக்கும், ஆளுயர ஜபிரு நாரைகள் மீன் பொறுக்கும், கேப்பிபாராக் கூட்டங்கள் புல் மேயும். அவற்றைத் தேடி ஜாகுவார் கரைக்கு வருகிறது. போர்த்தோ ஜோஃப்ரியிலிருந்து படகில் போய், பட்டப்பகலில் ஒரு ஜாகுவார் ஆற்றில் பாய்ந்து கைமனைக் கவ்வுவதைப் பார்க்கக்கூடிய இடம் உலகில் இதைப்போல வேறில்லை. ஜூலை முதல் அக்டோபர் வரை அதற்கான காலம். பிப்ரவரியில் இதே படகில் இதே ஆற்றில் பல நாட்கள் சுற்றினாலும் ஒன்றையும் காணாமல் திரும்ப நேரலாம்.

சிறு இடங்களிலும் இந்த விதி செல்லும். பாயியா மாநிலத்தின் ஷபாடா டியமன்டினா மலைகளில் ஃபுமாசா அருவி சுமார் 340 மீட்டர் விழுகிறது. மெல்லிய நீர், பாதி வழியிலேயே காற்றில் புகையாகச் சிதறும். வறண்ட மாதங்களில் அருவியே இல்லாமல் வெறும் பாறைச்சுவர் நிற்பதும் உண்டு. அதே மலைத்தொடரில் போசோ என்கன்டாடோ குகைக் குளத்தில் சூரியக்கதிர் நீலத் தூணாக இறங்குவது ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை, நண்பகலை ஒட்டிய சில மணி நேரம் மட்டுமே. இரண்டும் வேண்டுமென்றால் மழை முடிந்த கையோடு ஏப்ரல், மே மாதங்களில் போக வேண்டும். அப்போது பாட்டி பள்ளத்தாக்கில் உள்ளூர்க் குடும்பங்களின் வீட்டில் தங்கித் தங்கி நான்கைந்து நாள் நடக்கும் மலைநடையும் பசுமையாக இருக்கும். ஃபெர்னாண்டோ டி நோரோன்யா தீவில் அலைச்சறுக்குக்கு ஆண்டின் தொடக்கம், முக்குளிப்புக்கு செப்டம்பரை ஒட்டிய அமைதியான கடல்.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. இகுவாசுவை முதலில் எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அது என் கணக்கில் முழுதாக அடங்குவதில்லை. சுமார் 275 அருவிகளாகப் பிரிந்து விழும் அந்த ஆற்றுக்கு மழை எல்லா மாதங்களிலும் வரலாம். சராசரியாக நொடிக்கு 15 லட்சம் லிட்டர். 2023 அக்டோபர் இறுதியில் அது 2.4 கோடி லிட்டரைத் தாண்டி, நடைபாலத்தை மூடவேண்டி வந்தது. வறண்ட ஆண்டுகளில் பல அருவிகள் கோடாக மெலிந்திருக்கின்றன. மேலே உள்ள அணைகளும் நீரைக் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே இகுவாசுவுக்கு மாதம் பார்த்துப் பயனில்லை. அந்த வாரத்து நீரளவைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது மறுப்பு ரியோவைப் பற்றியது: சம்பா, கால்பந்து, கடற்கரை என்று மனிதர்களால் ஆன அந்த நகரத்துக்கும் நீருக்கும் என்ன தொடர்பு? ஆழமான தொடர்பு என்பேன். நகரத்தின் நடுவே மலைகளில் படர்ந்திருக்கும் டிஜூக்கா காடு இயற்கையாக எஞ்சியதன்று. காப்பித் தோட்டங்களுக்காக மலைகளை மொட்டையடித்ததால் ஓடைகள் வற்றி நகரம் குடிநீருக்குத் தவித்தது. பேரரசர் இரண்டாம் பெட்ரோவின் அரசு 1861-இல் மரம் நடும் பணியை மேஜர் ஆர்ச்சரிடம் ஒப்படைத்தது. உண்மையில் நாற்றைச் சுமந்து குழி வெட்டி நட்டவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்கள். பத்தாண்டு சொச்சத்தில் லட்சம் கன்றுகளுக்கு மேல் நட்டு உருவாக்கிய காட்டில்தான் இன்று மலையேறுகிறவர்கள் அருவிகளில் நனைகிறார்கள். நட்டவர்களுடைய பெயர்களும் அந்தப் பாதைகளில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பே கனமானது. காலநிலை மாறிக்கொண்டிருக்கும்போது எந்த நாட்காட்டியை நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2021 ஜூனில் மனவுஸ் துறைமுகத்தில் ரியோ நெக்ரோ 30.02 மீட்டரைத் தொட்டு, அதுவரை காணாத வெள்ளமானது. 2023 அக்டோபரில் 12.70 மீட்டருக்கு இறங்கி, அதுவரை காணாத வறட்சியானது. அடுத்த ஆண்டே அதையும் உடைத்து 12.11 மீட்டருக்குப் போனது. மூன்றரை ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 18 மீட்டர் வேறுபாடு. டெஃபே ஏரியில் 2023-இல் நீரின் வெப்பம் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டியபோது இருநூறுக்கும் மேற்பட்ட ஓங்கில்கள் செத்து மிதந்தன. ஆற்றைத் தவிர வேறு சாலையில்லாத கிராமங்கள் உணவும் மருந்தும் வந்து சேராமல் தனித்துப்போயின. பான்டனாலில் 2020-இல் கால் பங்குக்கும் மேல் தீயில் போனது. இவை ஒன்றோடொன்று தொடர்புடையவை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரத்தை அமேசான் மரங்கள் உறிஞ்சி மீண்டும் காற்றில் விடுகின்றன. அந்த ஈரக்காற்று ஆண்டிஸ் மலையில் மோதித் தெற்கே திரும்பி நடுப்பிரேசிலுக்கு மழையாகிறது. பிரேசில் அறிவியலாளர்கள் இதைப் பறக்கும் ஆறுகள் என்கிறார்கள். வடக்கே காடு அழிந்தால் தெற்கே பான்டனாலின் வெள்ளம் தாமதமாகும், குறையும். ஆக, நாட்காட்டி தள்ளாடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதிலிருந்து நான் எடுக்கும் முடிவு வேறு: மாதத்தின் பெயரை மட்டும் நம்பியவர் ஏமாறுவார், நீர்மட்டத்தைப் பார்க்கப் பழகியவர் ஏமாற மாட்டார். ஆற்று மட்ட அறிக்கைகள் அங்கே பொதுவில் வெளியாகின்றன. மனவுஸ்காரர்கள் அதைச் செய்தித்தாளில் வானிலைபோலப் பார்க்கிறார்கள். பயணியும் பார்க்கலாம்.

அழியும் இடங்களுக்குக் கூட்டமாகப் போவதே அழிவுக்குத் துணைபோவது இல்லையா என்பது அடுத்த கேள்வி. போர்த்தோ ஜோஃப்ரியில் ஒரே ஜாகுவாரைச் சுற்றி இருபது படகுகள் மொய்ப்பது உண்மை. அது அசிங்கமான காட்சி. ஆனாலும் அந்தப் பகுதியில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஜாகுவார் பார்க்க வருவோரால் ஆண்டுக்குச் சுமார் 68 லட்சம் டாலர் வருகிறது. ஜாகுவார் அடிக்கும் மாடுகளால் ஏற்படும் இழப்பு சுமார் 1.2 லட்சம் டாலர். முன்பு மாட்டுக்காக ஜாகுவாரைச் சுட்ட பண்ணைகளுக்கு இந்தக் கணக்கு புரிகிறது. கூட்டத்தைக் கட்டுப்படுத்தவும் வழி உண்டு. தெளிந்த ஆறுகளுக்குப் பெயர்பெற்ற போனிட்டோ நகராட்சி 1995 முதல் எல்லாச் சுற்றுலா இடங்களுக்கும் ஒரே நுழைவுச் சீட்டு முறை வைத்திருக்கிறது. ஒவ்வோர் ஆற்றிலும் நாளொன்றுக்கு இத்தனை பேர்தான், வழிகாட்டியோடுதான். சுண்ணாம்புக்கல் தரையில் ஊறிவந்து கண்ணாடிபோல் தெளிந்த அந்த ஆறுகளில், முகக்கவசமும் மூச்சுக்குழாயும் மாட்டி நீரோட்டத்தோடு மிதந்துகொண்டே மீன்களைப் பார்க்கலாம்; உடலில் வெயில் களிம்போ கொசு மருந்தோ இருந்தால் இறங்க விடமாட்டார்கள். ஆனால் பயணிகளைக் கட்டுப்படுத்தினால் மட்டும் போதாது என்பதற்கும் போனிட்டோதான் சான்று: மேட்டு நிலங்களில் சோயா சாகுபடி பெருகியபின் கனமழையில் ஆறு மண்ணாகக் கலங்கிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன.

இவ்வளவும் பார்க்கப் பணத்துக்கும் நாளுக்கும் எங்கே போவது என்பதுதான் நம் வாசகர் கேட்கும் கேள்வி. இந்தியாவிலிருந்து பிரேசில் போய்ச் சேரவே ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். உள்நாட்டு விமானங்களும் மலிவில்லை. அதனால்தான் ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் தொட்டுவிடும் ஆசை வருகிறது, அந்த ஆசையில்தான் பயணம் வீணாகிறது. இரண்டு அல்லது மூன்று நீர்களைத் தேர்ந்தால் போதும். பெரும்பாலானவை கூடிவரும் காலம் ஜூன் இறுதியும் ஜூலையும்: ரியோ நெக்ரோவின் வெள்ளம் இன்னும் காட்டுக்குள் நிற்கும், லென்சாய்ஸ் குளங்கள் நிறைந்திருக்கும், வடக்குப் பான்டனாலில் ஜாகுவார் காலம் தொடங்கியிருக்கும். இவற்றுக்கு முறையே மனவுஸ், சாவ் லூயிஸ், குயாபா என்ற மூன்று விமான நிலையங்கள், மூன்று வாரம். இரண்டு வாரமே கிடைக்குமானால் ஒன்றை விட்டுவிடுங்கள். நானாக இருந்தால் பான்டனாலை இன்னொரு அக்டோபருக்கு ஒதுக்குவேன். புறப்படுமுன் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம், பிரேசிலிலிருந்து திரும்புவோரிடம் இந்தியா அந்தச் சான்றிதழைக் கேட்கிறது. ஊசி போட்ட 10 நாள் கழித்தே அது செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பேசும் மொழி போர்த்துகீசியம். சில சொற்களாவது கற்றுப் போவது ஆற்றங்கரைகளில் பெரிய உதவி. தங்குமிடத்துக்கு முன்பணம் கட்டுமுன் விடுதிக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: சென்ற ஆண்டு இதே வாரத்தில் தண்ணீர் எங்கே நின்றது, இந்த ஆண்டு எங்கே நிற்கிறது? நேராகப் பதில் சொல்பவரிடம் அறையை எடுங்கள்.